"'இப்போ கேளுங்க'ன்னு சொல்லுதீங்க டீச்சர்... ஒண்ணுமே கேக்கலையே!"

வீட்டில் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்றால் போதும்... மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என எல்லோருக்கும் அவர்தான் சர்வீஸ் சென்டர். வார இதழின் டிஜிட்டல் பிரிவில் வேலை பார்ப்பதால், எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி எனக்கு. 'பிரின்டர் ஓட மாட்டேங்குது', 'பாஸ்வேர்டு மறந்துபோச்சு' வகைக் கேள்விகள்தான் அதிகம் வரும். கடந்த டிசம்பரில் அம்மாவிடமிருந்து வந்தது வேறு மாதிரி கேள்வி.

"ஏட்டி, நான் பேசினது பூரா ரெக்கார்டு ஆயிருக்கு. கம்ப்யூட்டர்ல ஓடின சத்தம் மட்டும் எங்க போச்சு?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கலாம். மகளின் ஸ்கூல் புராஜெக்ட், அறுபதாம் கல்யாணத்துக்குப் போடும் போட்டோ தொகுப்பு, ஆபீஸ் பிரசன்டேஷன் என்று ஸ்லைடுகளை ஓடவிட்டுப் பேசிப் பதிவு செய்திருப்பீர்கள். போட்டுப் பார்த்தால் உங்கள் குரல் இருக்கும். ஸ்லைடில் ஓடிய பாட்டோ வீடியோவின் ஒலியோ இருக்காது. அம்மாவின் விஷயத்தில் காணாமல் போனவை பன்னிரண்டு பறவைகளின் குரல்கள்.

எதற்காக அந்தப் பாடம்?

அம்மா தென்காசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையையொட்டித் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிடங்கள் பறவைகளைக் கவனித்து, என்னென்ன இனம், எத்தனை என்று குறித்து, 'இ-பேர்டு' இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். கண்ணால் பார்த்த பறவைதான் கணக்கு என்றில்லை. குரலை வைத்து உறுதியாக அடையாளம் தெரிந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

அந்தக் கடைசி விதிதான் அம்மாவை உட்கார்ந்து ஸ்லைடு செய்ய வைத்தது. அவர் வகுப்பில் பிறவியிலேயே பார்வை இல்லாத மாணவன் ஒருவன் இருக்கிறான். ஏழாம் வகுப்பு. செய்முறை, வரைபடம், விளையாட்டு என்று பள்ளியில் நடக்கும் பல விஷயங்களில் அவனுக்கு 'நீ கூட இருந்து கேட்டுக்கோ' என்கிற இடம்தான் கிடைக்கும். பறவைக் கணக்கெடுப்பில் அவன் வெறுமனே கூட இருக்க வேண்டியதில்லை. மற்ற பிள்ளைகளோடு சரிசமமாக நின்று எண்ணலாம். அதற்கு முன்னால் குரல்களைக் கேட்டுப் பழக வேண்டும்.

அரையாண்டு விடுமுறையில் அம்மா பன்னிரண்டு பறவைகளைத் தேர்ந்தெடுத்தார். செம்போத்து, ஆட்காட்டி, தையல்சிட்டு, கரிச்சான், தவிட்டுக்குருவி, புள்ளி ஆந்தை, மீன்கொத்தி என்று எங்கள் ஊர் குளக்கரையிலும் வீட்டுக் கொல்லையிலும் வருபவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடு. படம், பெயர், அதன் குரல். ஸ்லைடை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையைப் பதிவு செய்துகொண்டே பேசியிருக்கிறார். தொடக்கத்தில் ஒரு நிமிடத்தைப் போட்டுப் பார்த்து, குரல் தெளிவாக இருந்ததால் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அந்த முதல் நிமிடத்தில் பறவையே வரவில்லை.

அடுத்த அரை மணி நேரத்தில் 'சூப்பர் டீச்சர்', கைதட்டும் ஸ்டிக்கர்கள் எல்லாம் வந்திருக்கின்றன. சாயங்காலம் அந்தப் பையனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "டீச்சர், 'இப்போ கேளுங்க'ன்னு சொல்லுதீங்க... அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கலையே. எங்க போன்லதான் கோளாறா?"

அம்மா அதை எனக்கு ஃபார்வர்டு செய்துவிட்டுச் சொன்னார்: "மத்த பிள்ளைங்க படத்தைப் பாத்துட்டு சூப்பர்னு போட்டுட்டாங்க. அவன் ஒருத்தன்தான் பாடத்தைக் கேட்டிருக்கான். அவன் போன்ல கோளாறுன்னு அவன் நினைக்கக் கூடாது. நாளைக்குள்ள சரிபண்ணணும்."

சத்தம் எங்கே போனது?

மைக் என்பது காற்றில் வரும் ஒலியை மட்டும் வாங்கும் கருவி. நீங்கள் பேசினால் அதற்குக் கேட்கும். தெருவில் குக்கர் விசில் அடித்தாலும் கேட்கும். ஆனால், கம்ப்யூட்டருக்குள் ஓடும் பாட்டு மைக் வழியாக வருவதில்லை. அது உள்ளுக்குள்ளேயே வேறு பாதையில் ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ போய்விடுகிறது. பதிவு செய்யும் செயலியிடம் 'மைக்கை மட்டும் கேள்' என்று இருந்தால், அது மைக்கை மட்டும்தான் கேட்கும். ஹெட்போன் மாட்டியிருந்தால் அந்தச் சத்தம் உங்கள் காதோடு நின்றுவிடும். உங்களுக்கு எல்லாமே நன்றாகக் கேட்பதால் சந்தேகமும் வராது.

'ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தால் மைக் வாங்கிக்கொள்ளுமே?' என்று தோன்றும். அம்மாவும் அதைத்தான் கேட்டார். வாங்கும், ஆனால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வாங்கும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்றைய லேப்டாப்களிலும் மீட்டிங் செயலிகளிலும் இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறது. மனிதக் குரலைக் காப்பாற்றி, மின்விசிறி, நாய்க்குரைப்பு போன்றவற்றை அது அமுக்கிவிடும். குயில் கூவினாலும் தவில் வாசித்தாலும் அதன் கணக்கில் அதுவும் இரைச்சல்தான். பறவைப் பாடத்தில் பறவையை அழித்துவிட்டு டீச்சரை மட்டும் வைத்துக்கொள்ளும். (இசை வகுப்பு எடுப்பவர்களுக்காகவே ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று தனி வசதி வைத்திருக்கிறார்கள்.)

போனில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா நடுவில் நிறுத்தி, "கோயில் கொடைக்கு மைக் செட் போடுத அண்ணன் மாதிரின்னு சொல்லு" என்றார். அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. கொடையில் அந்த அண்ணன் பாட்டுப் பெட்டிக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. மைக்குக்கு ஒரு ஒயர், பாட்டுக்கு ஒரு ஒயர், இரண்டும் ஒரே பெட்டிக்குள் போகும். ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. அறிவிப்பு வந்தால் பாட்டைக் குறைப்பார், முடிந்ததும் ஏற்றுவார். நம் கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு பெட்டி வேண்டும்.

எந்த வழி யாருக்கு?

ஓபிஎஸ் ஸ்டூடியோ: இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸில் நிறுவியதுமே கீழே இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று 'டெஸ்க்டாப் ஆடியோ', அதாவது கம்ப்யூட்டரின் ஒலி. மற்றொன்று 'மைக்'. மைக் செட் அண்ணனின் இரண்டு திருகுகள் இவைதான். 'சோர்ஸ்' பகுதியில் 'டிஸ்ப்ளே கேப்சர்' சேர்த்தால் திரை வந்துவிடும். 'ஸ்டார்ட் ரெக்கார்டிங்' அழுத்திவிட்டு ஸ்லைடு ஷோவைத் தொடங்கலாம். பேசும்போது மைக் கோடும், பறவை கூவும்போது டெஸ்க்டாப் கோடும் ஆட வேண்டும். ஒரு கோடு அசையாமல் கிடந்தால் அந்த ஒலி பதிவாகவில்லை என்று அர்த்தம். ஒலியைக் கண்ணால் சரிபார்க்க முடிவதுதான் இதில் பெரிய வசதி. அம்மாவுக்கு இதையே நிறுவிக் கொடுத்தேன்.

விண்டோஸ் 11 இருந்தால்: 'ஸ்னிப்பிங் டூல்' இப்போது திரையை வீடியோவாகவும் எடுக்கும். பதிவைத் தொடங்கும் முன் மைக், கம்ப்யூட்டர் ஒலி இரண்டுக்கும் தனித்தனி பட்டன்கள் இருக்கும். இரண்டையும் ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் 'கேம் பார்' இருக்கிறது. விண்டோஸ் பட்டனோடு ஜி-யை அழுத்தினால் வரும். பெயரில்தான் கேம், பவர்பாயின்ட்டையும் பதிவு செய்யும். ஆனால், திறந்திருக்கும் ஒரு செயலியை மட்டுமே எடுக்கும். முழு டெஸ்க்டாப்பையும் எடுக்காது.

பவர்பாயின்ட்டிலேயே முடிக்க வேண்டும் என்றால்: ஒலிக் கோப்பை ஸ்லைடுக்குள்ளேயே 'இன்சர்ட்' செய்துவிட்டு, அதிலிருக்கும் 'ரெக்கார்டு' வசதியில் பேசி, கடைசியில் வீடியோவாக 'எக்ஸ்போர்ட்' செய்யலாம். ஸ்லைடுக்குள் வைத்த ஒலி வீடியோவிலும் வரும். குழப்பம் இல்லாமல் இருக்க, பேச்சுக்கு ஒரு ஸ்லைடு, சத்தத்துக்கு அடுத்த ஸ்லைடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தவறிப்போனால் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் மறுபடி பதிவு செய்யலாம் என்பது லாபம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்... ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் நொடியில் பவர்பாயின்ட் உங்கள் குரலைப் பதிவு செய்யாது. அடுத்த ஸ்லைடு முழுதாக வந்த பிறகு பேச ஆரம்பியுங்கள். இல்லையென்றால் முதல் சொல் அறுந்துவிடும்.

மேக் வைத்திருப்பவர்கள்: குவிக்டைம் பிளேயரின் திரைப்பதிவு மைக்கை எடுக்கும், மேக்கின் உள் ஒலியை எடுக்காது. மேக் ஓஎஸ் 13 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஓபிஎஸ்ஸிலேயே உள் ஒலியையும் பதிவு செய்யலாம்.

ஜூம், கூகுள் மீட்: ஜூமில் திரையைப் பகிரும்போது ஒலியையும் பகிர்வதற்கான 'ஷேர் சவுண்ட்' கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். மீட்டில் பிரவுசரின் ஒரு டேபைப் பகிர்ந்தால் அந்த டேபின் ஒலியும் சேர்ந்து போகும் வசதி இருக்கிறது. ஆன்லைன் வகுப்பில் 'மிஸ், வீடியோ தெரியுது, சத்தம் வரலை' என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இந்த டிக் விடுபட்டதால்தான்.

போன் மட்டும்தான் இருக்கிறதா: ஆண்ட்ராய்டு 11 முதல் திரைப்பதிவு வசதி போனிலேயே இருக்கிறது. தொடங்கும் முன் எந்த ஒலி வேண்டும் என்று கேட்கும். போனின் ஒலி, மைக் இரண்டும் சேர்ந்த தேர்வை எடுங்கள். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் இருக்கும் ரெக்கார்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் மைக்கை ஆன் செய்யும் பட்டன் வரும். சில செயலிகள் தங்கள் ஒலியைப் பதிவு செய்ய அனுமதிக்காது. அதனால் ஒருமுறை சோதித்துவிட்டு இறங்குங்கள்.

பதிவு செய்யும்போது...

எந்த வழியாக இருந்தாலும் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். உள் ஒலி ஏற்கெனவே நேராகப் பதிவாகிறது. ஸ்பீக்கரும் ஓடினால் அதே ஒலி மைக் வழியாக இரண்டாம் முறை வந்து எதிரொலிக்கும்.

ஓபிஎஸ்ஸில் பேசும்போது கோடு பச்சையைத் தாண்டி மஞ்சளைத் தொடலாம். சிவப்புக்குப் போகக் கூடாது. அம்மாவின் குரல் சரியாக இருந்தது. தையல்சிட்டுதான் சிவப்புக்குப் போனது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை. குரல் மட்டும் ஊரைக் கூட்டும். அதைக் குறைத்தோம். செம்போத்தின் குரலோ அடித்தொண்டையிலிருந்து வரும் 'ஊப்... ஊப்'. சின்ன போன் ஸ்பீக்கரில் அது எடுபடாது என்பதால் கொஞ்சம் ஏற்றினோம்.

ஒலி ஓடும்போது அதன்மேல் பேசாதீர்கள். "இப்போ செம்போத்து" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி இடைவெளி. பத்து நொடி பறவை. மறுபடி ஒரு நொடி இடைவெளி. பிறகு பேச்சு.

முழுப் பதிவுக்கு முன் இருபது நொடி சோதனைப் பதிவு கட்டாயம். அந்த இருபது நொடியில் உங்கள் குரலும் கம்ப்யூட்டர் ஒலியும் இரண்டுமே வர வேண்டும். அதை அதே கம்ப்யூட்டரில் கேட்காமல், போனுக்கு அனுப்பிக் கேளுங்கள். பார்க்கப்போகிறவர்கள் போனில்தானே பார்ப்பார்கள்?

ஒலிக் கோப்புகளை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். உலகம் முழுக்க மக்கள் பதிவு செய்த பறவைக் குரல்களைத் தொகுக்கும் 'செனோ-கான்டோ' தளத்திலிருந்து அம்மா எடுத்திருந்தார். அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் கீழே அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துப் பார்த்து, பதிவு செய்தவர்களின் பெயர்களைக் கடைசி ஸ்லைடில் போட்டார். அதை வாய்விட்டும் வாசித்தார்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோதனை

சத்தம் சரியாகிவிட்டது. அனுப்பிவிடலாம் என்று நான் நினைத்தபோது அம்மா, "இரு, நான் ஒருவாட்டி கண்ணை மூடிட்டுக் கேக்கேன்" என்றார். கேட்டு முடித்ததும், "இன்னொருக்க பேசணும்ட்டி" என்றார்.

காரணம், அவரது பேச்சு முழுக்க 'இங்க பாருங்க', 'இந்த நிறத்தைக் கவனிங்க', 'இது எவ்வளவு அழகு' என்றே இருந்தது. படத்தைப் பார்ப்பவர்களுக்கு அது போதும். பார்க்க முடியாதவனுக்கு 'இது' என்றால் எது? சத்தம் இருந்தும் பாதிப் பாடம் அவனுக்குப் போய்ச் சேராது.

இரண்டாம் முறை இப்படிப் பேசினார்: "ஆட்காட்டி காக்காயைவிடக் கொஞ்சம் சின்னது. நீளமான கால். மரத்துல கூடு கட்டாது, தரையிலதான் முட்டை வைக்கும். அதனால தரையில யாராவது வந்தாக் கத்தி ஊரைக் கூட்டிரும். ஆளைக் காட்டிக் கொடுக்கதுனாலதான் அந்தப் பேரு. இப்போ அதோட குரல்."

ஒரு நொடி அமைதி. பிறகு அந்தக் கத்தல். ஹெட்போனில் கேட்டபோது எனக்கே எங்கள் ஊர் வயல்காடு வந்துபோனது. பார்வை உள்ள பிள்ளைகளுக்கும் இந்த இரண்டாம் பாடம்தான் நல்ல பாடம். முதல் பாடத்தில் ஆட்காட்டி ஒரு படம். இதில் அதற்கு ஒரு வாழ்க்கை இருந்தது.

வீடியோவை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினார். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். அந்தப் பையனுக்கு மட்டும் வி.எல்.சி. பிளேயர் மூலம் ஒலியைத் தனியாக எம்பி3 ஆக மாற்றியும் அனுப்பினோம். படம் அவனுக்குத் தேவையில்லை. அவன் அம்மாவின் போனில் டேட்டாவும் மிச்சம்.

பொங்கல் விடுமுறைக் காலையில்...

நானும் ஊருக்குப் போயிருந்தேன். பனி விலகாத குளக்கரையில் பதினொரு பிள்ளைகள், ஒரு நோட்டு, இரண்டு பைனாகுலர். பெரிய பிள்ளை ஒருத்தி எழுதினாள். முதல் ஐந்து நிமிடத்தில் கொக்கும் நாரையும் மீன்கொத்தியுமாகப் பட்டியல் ஓடியது. எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் முதுகைத் தண்ணீருக்குக் காட்டி, கருவேல மரங்கள் இருந்த பக்கம் தலையைச் சாய்த்து நின்றான்.

"தையல்சிட்டு. ரெண்டு" என்றான். "ஒண்ணு கத்துது, இன்னொண்ணு அந்தாண்ட இருந்து பதில் சொல்லுது."

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பைனாகுலர் வைத்திருந்த பையன் ஐந்து நிமிடம் தேடிவிட்டு, "ஆமா டீச்சர், இருக்கு!" என்று கத்தினான். அதன் பிறகு பிள்ளைகள் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். செம்போத்து, தவிட்டுக்குருவிக் கூட்டம், தூரத்து வரப்பில் ஓர் ஆட்காட்டி என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு குரலுக்கு மட்டும் நெடுநேரம் நின்று கேட்டான். "இது தெரியலை டீச்சர். எழுத வேண்டாம்" என்றான்.

அன்று பட்டியலில் 19 இனங்கள். அவற்றில் ஐந்தை முதலில் சொன்னது அவன்.

போன வாரம் அம்மா மறுபடி போன் செய்தார். அந்தப் பையன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காலை நேரத்துச் சத்தங்களைப் போனில் பதிவு செய்து அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறானாம். அடுத்த பாடத்துக்கு இணையத்திலிருந்து எதையும் எடுக்கப்போவதில்லை, அவன் அனுப்பியதையே ஸ்லைடில் வைக்கப்போகிறாராம்.

"அவனும் பேசணும்கான். ரெண்டு மைக் வைக்க முடியுமாட்டி?"

முடியும். ஓபிஎஸ்ஸில் இன்னொரு மைக்கைச் சேர்த்தால் கீழே இன்னொரு கோடு வரும்.